கோடை ஓட்டத்தின் வெப்பக் கணக்கு

ஓட்டக் கழகங்கள் கோடைக்காலத்தில் நடத்தும் ‘ஃபன் ரன்’ எனப்படும் பொழுதுபோக்கு ஓட்டங்கள், மூன்று கிலோமீட்டர் முதல் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வரையிலான தூரத்தை, பரிசைப் பெரிதாகக் கருதாமலும் வயதும் வேகமும் பாராமலும் பலரும் சேர்ந்து ஓடிக் கடப்பதற்காக அமைக்கப்படுபவை. ஆகவே மாரத்தான் போன்ற நெடுந்தூரப் போட்டிகளைக் காட்டிலும் அவை உடலுக்கு ஆபத்துக் குறைந்தவை என்று ஓடுபவர்களும் நடத்துபவர்களும் ஒருசேர நம்புவது இயல்பே. களைப்பையும் கால்வலியையும் மட்டும் கருதினால் அந்த நம்பிக்கை சரியானது. ஆனால் உடலுக்குள் நிமிடந்தோறும் உண்டாகும் வெப்பத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டால், 42 கிலோமீட்டர் ஓடுபவரைவிடப் பத்துக் கிலோமீட்டரை விரட்டி ஓடுபவரே வெப்பத் தாக்குக்கு எளிதில் ஆளாகக்கூடும் என்பது புலப்படும். உடலின் உள் வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி, அதனோடு மூளையின் செயல்பாடும் குலைந்து, பேச்சுக் குழறுதல், தள்ளாடுதல், சினந்து பிதற்றுதல், நினைவிழத்தல் ஆகியவை தோன்றும் நிலையையே மருத்துவர்கள் வெப்பத் தாக்கு என்கின்றனர்; உடனடியாகக் குளிர்விக்கப்படாவிட்டால் அது உயிரைப் பறிக்கக்கூடியது.

இதற்குச் சான்றாக அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் ஓட்டம், அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் கேப் காட் தீபகற்பத்திலுள்ள ஃபால்மவுத் என்னும் கடலோர ஊரில் ஒவ்வோர் ஆகஸ்டு மாதமும் நடைபெறுகிறது. 1972ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கில் ஃபிராங்க் ஷார்ட்டர் மாரத்தான் தங்கம் வென்றதைத் தொலைக்காட்சியில் கண்டு மகிழ்ந்த டாமி லெனர்ட் என்னும் மதுக்கடைப் பணியாளர், தம் ஊரிலும் ஓர் ஓட்டம் வேண்டும் என்று விரும்ப, உள்ளூர்ப் பள்ளிப் பயிற்சியாளர் ஜான் கரோலும் ஊரின் விளையாட்டு அலுவலர் ரிச் ஷெர்மனும் துணை நிற்க, 1973இல் அது தொடங்கியது. கடலியல் ஆய்வுக்குப் பெயர்பெற்ற உட்ஸ் ஹோலில் உள்ள ஒரு மதுக்கடையின் வாசலில் புறப்பட்டு, ஏழு மைல், அதாவது 11 கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஓடி, மற்றொரு மதுக்கடையின் வாசலில் முடிவதாக அமைந்த அந்த முதல் ஓட்டத்தில் நூறு பேர்கூட இல்லை. இன்று பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஓடுகின்றனர்.

இவ்வோட்டத்தின் மருத்துவக் கூடாரத்தில் பதினெட்டு ஆண்டுகளாகச் சேர்க்கப்பட்ட பதிவுகளை ஆய்வாளர்கள் தொகுத்துப் பார்த்தபோது, ஓட்டத்தை நிறைவுசெய்த ஆயிரம் பேரில் சராசரியாக இருவருக்குச் சற்று மேற்பட்டோர் வெப்பத் தாக்குக்கு ஆளாகியிருந்தது தெரியவந்தது. ஓட்ட நாள்களின் சராசரி வெப்பநிலையோ 23 டிகிரிதான். ஒப்பு ஈரப்பதம், அதாவது அவ்வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் அது உண்மையில் கொண்டிருக்கும் பங்கு, 70 விழுக்காடு. சென்னையில் மார்கழி மாதத்து விடியலில் சால்வையைத் தேட வைக்கும் வெப்பநிலை அது. அத்தகைய காற்றில் ஓடியவர்கள் 41 டிகிரி உள் வெப்பத்தோடு சாய்ந்தார்கள் என்றால், அவர்களை வீழ்த்திய வெப்பம் வானத்திலிருந்து வந்ததன்று என்பது தெளிவு.

அது தசைகளில் பிறந்த வெப்பம். சமதரையில் ஓடும் மனிதர், தம் உடல் எடையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும், கடக்கும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும், ஏறக்குறைய ஒரு கிலோகலோரி ஆற்றலைச் செலவிடுகிறார். மெதுவாக ஓடினாலும் விரைந்து ஓடினாலும் கிலோமீட்டருக்கான செலவு பெரிதாக மாறுவதில்லை என்பது ஓட்டத்தின் விந்தைகளுள் ஒன்று. இந்த ஆற்றலில் முக்காற்பங்குக்கு மேல் வெப்பமாகவே வெளிப்படுகிறது என்பதால், 70 கிலோகிராம் எடையுள்ளவர் ஒரு கிலோமீட்டர் ஓடும்போது ஏறத்தாழ 56 கிலோகலோரி வெப்பத்தைத் தம்முள் உண்டாக்குகிறார் எனலாம். ஒரு கிலோகிராம் உடற்பொருளின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்த 0.83 கிலோகலோரி தேவை. அவ்வாறெனில் 70 கிலோகிராம் உடலுக்கு 58 கிலோகலோரி. இரண்டு எண்களையும் அருகருகே வைத்தால் எவரும் மறக்க முடியாத ஒரு விடை கிடைக்கிறது: உண்டாகும் வெப்பம் சிறிதும் வெளியேறாமல் உள்ளேயே தங்குமானால், ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் உடல் ஏறக்குறைய ஒரு டிகிரி சூடாகும், 37 டிகிரியில் புறப்பட்டவர் நான்காவது கிலோமீட்டரைக் கடக்கும்போதே 41ஐத் தொட்டுவிடுவார்.

நடைமுறையில் அவ்வாறு நேராமல் காப்பது வெப்பம் வெளியேறும் வேகம். கிலோமீட்டருக்கான வெப்பம் மாறாதது என்பதால், நிமிடத்துக்கான வெப்பம் முழுக்க முழுக்க ஓட்டத்தின் வேகத்தையே பொறுத்ததாகிறது: மேற்சொன்ன மனிதர் மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் மணிக்கு 450 கிலோகலோரி, 12 கிலோமீட்டர் வேகத்தில் 670, 15 கிலோமீட்டர் வேகத்தில் 840 என அது ஏறிச்செல்லும். மாரத்தான் ஓடுபவர் மூன்று நான்கு மணி நேரத்துக்குத் தாக்குப்பிடிக்க வேண்டிய கட்டாயத்தால் தம் வேகத்தைத் தாமே அடக்கிக்கொள்கிறார். அரைமணி நேரத்தில் முடிந்துவிடும் என்று எண்ணுபவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. உடலின் அளவும் இதில் சேர்கிறது. எடை கூடும் விகிதத்தில் உண்டாகும் வெப்பமும் கூட, அதை வெளியேற்றும் தோலின் பரப்போ அவ்வளவு விரைவாகக் கூடுவதில்லை என்பதால், ஒரே வேகத்தில் அருகருகே ஓடும் இருவருள் பருத்த உடலினர் தம் நண்பரைவிட விரைவாகச் சூடேறுகிறார். எல்லா உடல்வாகினரும் கலந்தோடும் பொழுதுபோக்கு ஓட்டங்களில், மெலிந்தவர் ஒருவரின் வேகத்தைக் கூட்டம் முழுவதும் பின்பற்ற முயல்வது இக்காரணத்தால் நல்லதன்று.

வெப்பத்தை வெளியேற்றும் வழிகளுள் ஓடுபவருக்குப் பெரிதும் உதவுவது வியர்வை. துல்லியமாகச் சொன்னால், வியர்வை ஆவியாவது. ஒரு லிட்டர் வியர்வை தோலின் மீது முற்றிலும் ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. அதே ஒரு லிட்டர் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தால் எடுத்துச் செல்வது அநேகமாக எதுவுமில்லை, உடல் இழந்த நீர்தான் மிச்சம். ஆகவே மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுபவர், பிற வழிகள் அடைபட்டிருக்குமானால், மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் வியர்வையைச் சுரந்தால் மட்டும் போதாது, அதைக் காற்று ஏற்றுக்கொள்ளவும் வேண்டும். சட்டை நனைந்து பிழியும் அளவுக்கு வியர்த்ததைப் பெருமையோடு சொல்பவர்கள், உண்மையில் தம் உடலின் குளிர்விப்பு வீணானதையே சொல்கின்றனர்.

வறண்ட காற்று வீசும் நாளில் மண்பானைத் தண்ணீர் சில்லென்று இருப்பதும், புழுக்கமான நாளில் அதே பானை ஏமாற்றிவிடுவதும் எக்காரணத்தாலோ, அக்காரணத்தாலேயே கடலோர ஊர்களில் ஓடுபவரின் வியர்வையும் ஏமாற்றுகிறது. 35 டிகிரி வெப்பமுள்ள ஈரத் தோலின் மீது நீராவியின் அழுத்தம் பாதரசத் தம்பத்தில் 42 மில்லிமீட்டர். சென்னையில் சித்திரை, வைகாசி மாதத்து விடியலில் காற்று 28 டிகிரியும் 85 விழுக்காடு ஈரப்பதமும் கொண்டிருப்பதாக வைத்துக்கொண்டால், அக்காற்றிலுள்ள நீராவியின் அழுத்தம் 24 மில்லிமீட்டர். வியர்வையை ஆவியாக்கி இழுக்கும் விசை இவ்விரண்டின் வேறுபாடான 18 மட்டுமே. உள்நாட்டு நகரமொன்றில் பிற்பகலில் 40 டிகிரி வெப்பமும் 25 விழுக்காடு ஈரப்பதமும் இருந்தால், நீராவி அழுத்தம் 14 மில்லிமீட்டராகவும் வேறுபாடு 28 ஆகவும் இருக்கும். இதனால் பிற்பகல் வெயிலில் ஓடலாம் என்று முடிவுகட்டுவது பெரும் பிழை. அங்கே காற்றும் வெயிலும் தோலுக்குள் வெப்பத்தைத் திணித்துக்கொண்டிருக்கும். கத்திரி வெயிலுக்கு அஞ்சி விடியற்காலை ஐந்து மணிக்கே கடற்கரைச் சாலையில் கூடும் ஓட்டக் குழுக்கள், ஒரு நாளின் ஒப்பு ஈரப்பதம் உச்சத்தில் இருப்பது அநேகமாக அந்த நேரத்தில்தான் என்பதையும் அறிந்திருக்க வேண்டும் என்பதே இங்குச் சொல்லப்படுவது.

வெப்பநிலையை மட்டும் சொல்லும் சாதாரண வெப்பமானி இத்தகைய சிக்கலுக்குப் பயன்படாது என்பதை உணர நேர்ந்தவர்களுள் படைத்துறையினரும் அடங்குவர். தென் கரோலினா மாநிலத்தின் பாரிஸ் தீவில் பயிற்சி பெற்ற அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையின் புதிய வீரர்கள் வெப்பத் தாக்குக்கு இரையாகி வந்ததால், 1950களில் யாக்லூ, மினார்ட் என்னும் அறிஞர்கள் ‘ஈரக்குமிழ் கோள வெப்பநிலை’ என்னும் ஒரு கூட்டு அளவையை வகுத்தனர். நனைந்த துணி சுற்றிய வெப்பமானி காட்டுவது ஈரக்குமிழ் வெப்பநிலை. கறுப்பு வண்ணம் பூசிய உலோகக் கோளத்தின் நடுவில் வைத்த வெப்பமானி, வெயிலின் கதிர்வீச்சையும் சேர்த்துக் காட்டுவது கோள வெப்பநிலை. மூன்றாவது, நிழலில் அளந்த காற்றின் வெப்பநிலை. இம்மூன்றுக்கும் முறையே 70, 20, 10 விழுக்காடு எடை தந்து கூட்டினால் அந்த அளவை கிடைக்கும். ஈரத்துக்குத் தரப்பட்ட பங்கு எழுபது, சாதாரண வெப்பமானிக்குத் தரப்பட்டது பத்து என்பதே, மனித உடல் எதற்கு அஞ்ச வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறது. இந்த அளவை 28 டிகிரியைத் தாண்டும்போது ஓட்டப் போட்டியைக் கைவிடுவதோ தள்ளிவைப்பதோ நல்லது என அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி அறிவுறுத்தி வந்துள்ளது.

மேற்சொன்ன சென்னை விடியலுக்கு இக்கணக்கைப் போட்டுப் பார்த்தால், ஈரக்குமிழ் வெப்பநிலை 26 டிகிரி அளவில் இருக்க, வெயிலும் இல்லாததால், மொத்த மதிப்பு 27க்குச் சற்றுக் கீழே நிற்கும். கதிரவன் எழுந்து ஒரு மணி நேரம் கழிந்து, காற்று 31 டிகிரியையும் கறுப்புக் கோளம் 38 டிகிரியையும் எட்டும்போது, ஈரப்பதம் 70 விழுக்காட்டுக்கு அருகில் இறங்கியிருந்தாலும்கூட, அதே மதிப்பு 29ஐத் தாண்டிவிடும். சிறப்பு விருந்தினரின் வருகைக்காகவும், கொடியசைப்புக்கு முந்தைய உரைகளுக்காகவும், ஒரே நிற டி-ஷர்ட் அணிந்த ஆயிரம் பேரைத் தொடக்கக் கோட்டில் முக்கால் மணி நேரம் நிறுத்திவைக்கும் வழக்கம், எல்லையின் இப்பக்கத்திலிருந்து அப்பக்கத்துக்கு அவர்களைத் தள்ளும் வழக்கமாகும்; மரியாதைக் குறைவென்று எவரும் எண்ணாத வகையில் உரைகளைப் பரிசளிப்புக்குப் பின் வைத்துக்கொள்வதில் தடையேதும் இருப்பதாகத் தெரியவில்லை.

உடல் தன்னளவில் அறிவற்றதன்று. சூடேறிய குருதியைத் தோலுக்கு அனுப்பிக் குளிரச் செய்ய வேண்டும், உழைக்கும் தசைகளுக்கும் குருதி வேண்டும் என்னும் இரு தேவைகளுக்கிடையே இதயம் தடுமாறத் தொடங்குவதற்கு முன்பே, மூளை வேகத்தைக் குறைக்கச் சொல்லிவிடுகிறது. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் பல்கலைக்கழகத்தினர் 2004இல் வெளியிட்ட ஆய்வொன்றில், தம் விருப்பப்படி வேகத்தை வைத்துக்கொண்டு 20 கிலோமீட்டர் மிதிவண்டி மிதிக்குமாறு பணிக்கப்பட்டவர்கள், 15 டிகிரி அறையைக் காட்டிலும் 35 டிகிரி அறையில் முன்கூட்டியே மிதிக்கும் ஆற்றலைக் குறைத்தனர். அவ்வாறு குறைத்த வேளையில் அவர்களது உள் வெப்பநிலை குளிர்ந்த அறையில் இருந்ததைவிட மிகுந்திருக்கவில்லை. வரவிருக்கும் ஆபத்தை முன்னுணர்ந்து கட்டுப்படுத்தும் இந்த ஏற்பாடு, தனியாக ஓடுபவரிடம் பெரும்பாலும் நன்றாகவே வேலை செய்கிறது. அதைக் கெடுப்பது போட்டி. கைதட்டும் கூட்டம், முன்னால் ஓடும் அண்டை வீட்டுக்காரர், கைக்கடிகாரத்தில் தெரியும் சென்ற ஆண்டின் நேரம் ஆகியவை ஒன்றுசேர்ந்து, மூளையின் எச்சரிக்கையைச் செவிமடுக்காமல் தள்ளிவைக்க மனிதரால் முடியும் என்பதை மெய்ப்பிக்கின்றன.

1978இல் ஃபால்மவுத்தில் அவ்வாறு தள்ளிவைத்தவர்களுள் ஒருவர் அப்போது இருபது வயதான ஆல்பர்டோ சலசார். முன்னணியினரோடு விடாமல் ஓடி, இறுதிக் கோட்டைக் கடந்து சரிந்த அவரது உடல் வெப்பநிலை 42 டிகிரி அளவில் இருந்தது. பனிக்கட்டி நிரம்பிய தொட்டியில் அவரைக் கிடத்தினர். கத்தோலிக்க முறைப்படி இறுதிச் சடங்கு மன்றாட்டும் ஓதப்பட்டது. பிழைத்தெழுந்த அவர் 1980 முதல் 1982 வரை நியூயார்க் மாரத்தானை மும்முறையும், அதே ஃபால்மவுத் ஓட்டத்தை 1981, 1982 ஆகிய ஆண்டுகளிலும் வென்றார். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்குக்கு அவர் ஆயத்தமானபோது ஆய்வாளர்கள் அவரது வியர்வைச் சுரப்பை அளந்தனர். மணிக்கு 3 லிட்டருக்கு மேற்பட்ட அந்த அளவு மனிதரில் மிக அரிது. அத்தகைய உடலையே வேகம் வீழ்த்த முடிந்தது என்பது கவனத்துக்குரியது.

அவரைக் காப்பாற்றிய தொட்டி பின்னர் அவ்வூரின் மருத்துவ முறையாகவே நிலைபெற்றது. பதினெட்டு ஆண்டுகளில் வெப்பத் தாக்குக்கு ஆளான 274 பேரைப் பற்றி 2014ஆம் ஆண்டையொட்டி வெளியான ஆய்வின்படி, சராசரியாக 41.4 டிகிரி உள் வெப்பத்தோடு வந்த அவர்களைப் பனிக்கட்டி கலந்த நீரில் உடனே அமிழ்த்தியதால், நிமிடத்துக்கு 0.22 டிகிரி வீதம் வெப்பம் இறங்கி, ஒருவர் விடாமல் அனைவரும் உயிர் பிழைத்தனர். அபாய எல்லையிலிருந்து மீட்கப் பத்துப் பன்னிரண்டு நிமிடங்களே போதும் என்றாகிறது. நெரிசலான சாலையில் ஆம்புலன்ஸ் மருத்துவமனையைச் சேர்வதற்குள் கடந்துபோகும் நேரம் அது. ஆகவே முதலில் குளிர்விப்பது, பிறகு கொண்டுசெல்வது என்பதே இத்துறையில் ஏற்றுக்கொள்ளப்பட்ட வரிசை. நெற்றியிலோ வாயிலோ அளக்கும் வெப்பமானி, வியர்வையாலும் மூச்சாலும் குளிர்ந்த பகுதியை அளப்பதால் குறைத்துக் காட்டி ஏமாற்றும். ஆசனவாய் வழியாக அளப்பதே நம்பத்தக்கது. கூச்சம் கருதி இதைத் தவிர்க்கும் அமைப்பாளர்கள் உண்மையான வெப்பநிலையை அறியாமலே போகின்றனர்.

ஓட்ட நிகழ்ச்சியில் ஒருவர் மயங்கி விழுந்தால் மாரடைப்பு என்றே பேச்சு எழுவது எங்கும் உள்ள வழக்கம். 2014இல் வெளியான இஸ்ரேலிய ஆய்வு இதை மறுபரிசீலனை செய்ய வைத்தது: டெல் அவிவ் நகரின் நெடுந்தூர ஓட்டங்களில் பங்கேற்ற 1,37,580 பேரிடையே கடுமையான இதயக் கோளாறுகள் இரண்டே நேர்ந்திருக்க, அவ்விரண்டும் உயிருக்கு ஆபத்தாகாதிருக்க, கடுமையான வெப்பத் தாக்குகள் 21 நேர்ந்து, அவற்றுள் இரண்டு மரணத்தில் முடிந்திருந்தன. இதயப் பரிசோதனைச் சான்றிதழைக் கேட்கும் படிவங்கள், சென்ற வாரம் காய்ச்சல் இருந்ததா என்று கேட்பதில்லை; காய்ச்சலோடோ அதிலிருந்து மீளும் நிலையிலோ ஓடுவது வெப்பத் தாக்குக்கு இட்டுச்செல்லும் காரணங்களுள் ஒன்று.

வெப்பத்துக்கு உடலைப் பழக்க முடியும் என்பது தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் 1930களிலேயே நன்கு அறியப்பட்டிருந்தது. ஆழத்தில் வெப்பத்தால் தொழிலாளர்கள் இறந்ததையடுத்து, புதிதாக வருவோரை முதலில் வெப்பத்துக்குப் பழக்கிய பிறகே முழு வேலைக்கு அனுப்பினர். நாள்தோறும் ஒரு மணி நேரம் அளவில் வெப்பத்தில் உழைத்தால், முதல் சில நாள்களிலேயே குருதியின் நீர்மப் பகுதியான பிளாஸ்மாவின் கொள்ளளவு கூடி, இதயத் துடிப்பு குறைகிறது. பத்து முதல் பதினான்கு நாள்களுக்குள் வியர்வை முன்கூட்டியே, மிகுதியாக, உப்புக் குறைந்ததாகச் சுரக்கத் தொடங்குகிறது. சில வாரங்கள் விட்டுவிட்டால் இந்தப் பேறு கரைந்துபோகும். வாரம் முழுவதும் குளிரூட்டிய அறையில் இருந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட வருபவர், வெப்ப நாட்டில் பிறந்து வளர்ந்தவராயினும், உடலளவில் அந்நாட்டுக்குப் புதியவரே.

தண்ணீரைப் பற்றிய அறிவுரைகள் தேவைக்கு மேல் வழங்கப்படுவதால் இங்குச் சுருக்கமே போதும். அரைமணி முதல் ஒரு மணி நேர ஓட்டத்தில் வெப்பத் தாக்கை வருவிப்பது நீர்ப் பற்றாக்குறையைவிட வேகமே. நெடுநேரம் மெதுவாக ஓடுபவர்கள் தாகத்தையும் மீறிக் குடித்துக்கொண்டே போனால் குருதியின் சோடியம் நீர்த்துப்போகும் வேறோர் ஆபத்து உண்டு. 2002 பாஸ்டன் மாரத்தானில் குருதி மாதிரி தந்த 488 பேரில் 13 விழுக்காட்டினரிடம் அது காணப்பட்டது. தாகம் எடுத்தால் குடிப்பது என்னும் பழைய வழியே குறுகிய ஓட்டங்களுக்குப் போதுமானது.

காற்றின் ஈரத்தையோ தம் உடலின் பருமனையோ அன்றைய காலையில் மாற்றிக்கொள்ள முடியாத ஓடுபவரிடம் எஞ்சியிருக்கும் ஒரே கட்டுப்பாடு வேகம் என்பதால், வேகத்துக்கு மதிப்பில்லாத விளையாட்டு விதிகளை வகுத்த கழகங்கள், அறிந்தோ அறியாமலோ, நல்ல வெப்பப் பாதுகாப்பை ஏற்படுத்தியுள்ளன. 1938இல் கோலாலம்பூரில், ஜிஸ்பர்ட் என்னும் கணக்காளரும் அவர் நண்பர்களும் தொடங்கிய ‘ஹாஷ் ஹவுஸ் ஹாரியர்ஸ்’ கழகம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. தமிழ்த் தொழிலாளர்கள் பால்மரம் வெட்டிய ரப்பர் தோட்டங்கள் சூழ்ந்த அந்த நகரில், ஆண்டு முழுவதும் நீங்காத புழுக்கத்தில், முன்னே செல்லும் ‘முயல்’ காகிதத் துண்டுகளைப் போட்டுத் தடம் இடுவார். பின்தொடர்வோர் தடத்தைத் தேடிப் போவர். சில தடங்கள் வேண்டுமென்றே பொய்யாக இடப்பட்டவை. முந்தி ஓடியவர் பொய்த் தடத்தில் சென்று ஏமாந்து திரும்புவதற்குள் பிந்தியவர் வந்து சேர்ந்துவிடுவதால், கூட்டம் சிதறுவதில்லை, வேகத்தால் ஆதாயமும் இல்லை. ஒவ்வொரு தேடலின்போதும் நின்று மூச்சுவாங்கும் சில நிமிடங்கள் தசைகளின் வெப்பம் தணியக் கிடைக்கும் இடைவெளிகளாகவும் ஆகின்றன. 2004 அக்டோபரில் இலண்டனின் புஷி பூங்காவில் 13 பேருடன் தொடங்கி உலகின் பல நாடுகளில் பரவிய, சனிக்கிழமை காலை ஐந்து கிலோமீட்டர் ஓட்டமான ‘பார்க்ரன்’, தன்னைப் போட்டி என்று சொல்லிக்கொள்வதில்லை. 2024இல் வேகச் சாதனைகளின் பட்டியலையே தன் இணையதளத்திலிருந்து நீக்கியது. சாதனை ஆர்வலர்கள் சினந்தனர் என்றாலும், கோடைக்காலக் கண்ணோட்டத்தில் அந்த முடிவு குறைகூறத்தக்கதன்று.

அமெரிக்கக் கழகங்கள் பலவற்றில் வழங்கும் ‘நேரம் கணிக்கும் ஓட்டம்’ இவற்றைவிட நுட்பமானது. தொடங்கும் முன் ஒவ்வொருவரும் தாம் எத்தனை நிமிடம் எத்தனை நொடியில் முடிப்பார் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு ஓட, தம் கணிப்புக்கு மிக அருகில் வந்து சேர்பவரே வெற்றி பெறுகிறார். கணித்ததைவிட விரைந்து வருவதும் தோல்வியே என்பதால் கடைசி அரைக் கிலோமீட்டரில் எவரும் பாய்ந்து ஓடுவதில்லை; குளிர்ந்த மாதத்தில் ஓடிய நேரத்தை அப்படியே எழுதிக் கொடுத்தவர், அன்றைய காற்றின் ஈரத்தைக் கணக்கில் சேர்க்க மறந்தமையால் தோற்றுப்போகிறார். இத்தகைய ஓட்டத்துக்கு வேண்டிய செலவு ஒரு நிறுத்து கடிகாரமும் சில துண்டுக் காகிதங்களும்தான்.